குழம்பில் கிடந்த பல்: ‘டெக்சாஸ் செயின்சா மாஸக்கர் 2’ அவ்வளவு மோசமான படமா?

[திரையில்: இரண்டு போஸ்டர்கள், பக்கத்தில் பக்கத்தில்]

இடப்பக்கம் இருப்பது 1985-இல் வந்த ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’. சனிக்கிழமையும் பள்ளிக்கு வரும்படி தண்டனை வாங்கிய ஐந்து மாணவர்கள் ஒருவரையொருவர் ஒட்டி உட்கார்ந்து, ஊர் உலகத்தின் மேலேயே கோபம் என்பதுபோல் நம்மைப் பார்க்கிறார்கள். வலப்பக்கம் இருப்பது அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. அதே நெருக்கம், அதே சாய்வு, அதே முறைப்பு. உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் மாணவர்கள் இல்லை. மனிதக் கறி சமைக்கும் ஒரு குடும்பம். அதில் ஒருவன் முகத்தில் மாட்டியிருப்பது வேறொருவருடைய முகத் தோல்.

இப்படி ஒரு போஸ்டரைப் பார்த்துவிட்டுத் தியேட்டருக்குள் போன ஒருவர், வெளியே வந்து “பயமாகவே இல்லை, கேலிக்கூத்தாக இருக்கிறது” என்று கோபித்துக்கொண்டால் அவரை என்ன சொல்வது? கல்யாண வீட்டுக்குப் போய், மேளச் சத்தம் காதைத் துளைக்கிறது என்று புகார் செய்வதைப் போல இல்லையா? 1986-இல் அமெரிக்க விமர்சகர்களில் பெரும்பாலானவர்கள் அந்தப் புகாரைத்தான் எழுதினார்கள். ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரத்துக்கு ஒன்றே ஒன்று போட்டார். ரத்தம் இருக்கிறது, முதல் படத்தின் பயங்கரம் இல்லை என்பது அவர் சொன்னதன் சாரம்.

அவர் சொன்னது உண்மைதான். அது குறையா என்பதுதான் இன்றைக்கு நம் கேள்வி.

வணக்கம். தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. இந்த வீடியோவில் ரத்தம், தோல், எலும்பு எல்லாவற்றையும் பற்றிப் பேசப்போகிறேன். பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் பிறகு பாருங்கள். சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பவர்கள், முக்கியமாக அசைவம் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள், கை கழுவிவிட்டு வாருங்கள். நான் இங்கேயேதான் இருப்பேன்.

[திரையில்: 1974]

முதல் படத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸ் மாநிலத்துக்காரரான டோபி ஹூப்பர் சுமார் 1,40,000 டாலரில் எடுத்த படம். ஐந்து இளைஞர்கள் வேனில் வருகிறார்கள். இறைச்சிக்கூடத்தில் இயந்திரம் வந்ததால் வேலை போன ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டில் தோல் முகமூடி போட்ட ஒரு மகன், கையில் மரம் அறுக்கும் ரம்பம். சாலி என்ற ஒரே பெண் தப்பிக்கிறாள். அமெரிக்காவில் மட்டும் 3 கோடி டாலருக்கு மேல் வசூல். திகில் படங்களின் வரலாற்றையே திருப்பிப் போட்ட படம். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றேன், ஒன்றை மட்டும் சொல்லாமல் நகர முடியவில்லை. பெயரிலேயே ரம்பம் இருக்கிறது அல்லவா? அந்தப் படத்தில் ரம்பத்தால் உயிரிழப்பவர் ஒரே ஒருவர்தான். மற்றவர்களுக்குச் சம்மட்டியும் கொக்கியும். திரையில் தெரியும் ரத்தமும் மிகக் குறைவு. பெற்றோர் துணையோடு பிள்ளைகளும் பார்க்கலாம் என்ற சான்றிதழ் கிடைத்துவிடும் என்று ஹூப்பர் நம்பியிருந்தாராம்! கிடைக்கவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் ‘எவ்வளவு ரத்தம்’ என்றுதான் சொன்னார்கள். ரத்தத்தைக் காட்டாமலேயே காட்டிவிட்ட படம் அது. நமக்கு நாமே மனதுக்குள் சிந்திக்கொண்டோம்.

இரண்டாம் பாகம் நேர்மாறு. வாளி வாளியாகக் கொட்டியிருக்கிறார்கள். ஒப்பனைப் பொறுப்பை ஏற்றவர் டாம் சவீனி. வியட்நாம் போரில் ராணுவப் புகைப்படக்காரராக இருந்து, சிதைந்த உடல்களைக் கேமராவின் வழியாகப் பார்த்துவிட்டு வந்தவர். அவரிடம் வேலையை ஒப்படைத்தால் தக்காளிச் சாறு தெளித்துவிட்டுப் போவாரா? படத்தின் தொடக்கத்திலேயே, இரவு நேரப் பாலத்தில், காரில் போகிற ஒருவனின் தலை கண்ணுக்கு மேலே சாய்வாக அறுபட்டு, மேல்பாதி நழுவுகிறது. தணிக்கைக் குழு இதைப் பெரியவர்களுக்கான மிகக் கடுமையான பிரிவில்தான் சேர்க்கும் என்று தெரிந்ததும், சான்றிதழே இல்லாமல் படத்தை வெளியிட்டுவிட்டார்கள்.

[திரையில்: கேனன் நிறுவனத்தின் சின்னம்]

இது எப்படி நடந்தது? கேனன் என்ற தயாரிப்பு நிறுவனம். இஸ்ரேலிலிருந்து வந்த மெனஹெம் கோலான், யோரம் குளோபஸ் என்ற ஒன்றுவிட்ட சகோதரர்கள். இட்லி ஊற்றுவதுபோல் படம் எடுத்தவர்கள். ஹூப்பரோடு மூன்று படங்களுக்கு ஒப்பந்தம். முதல் இரண்டும், அதாவது ‘லைஃப்ஃபோர்ஸ்’, ‘இன்வேடர்ஸ் ஃப்ரம் மார்ஸ்’, காலை வாரிவிட்டன. மூன்றாவதாக, பழைய ரம்பத்தைத் தூசு தட்டி எடுத்து வா என்றார்கள். தயாரிப்பை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்த ஹூப்பர், கட்டுப்படியாகும் சம்பளத்துக்கு இயக்குநர் கிடைக்காததால் தானே இயக்கினார். மே மாதம் தொடங்கிய படப்பிடிப்பு. ஆகஸ்ட் 22 அன்று படம் தியேட்டரில். நடுவே பட்ஜெட்டை வெட்டினார்கள். கதையைப் படப்பிடிப்பு நடக்கும்போதே மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எழுதியவர் யார் தெரியுமா? கிட் கார்சன். 1984-இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதை வாங்கிய ‘பாரிஸ், டெக்சாஸ்’ படத்தின் திரைக்கதையில் பங்கு வகித்தவர். பாலைவனத்தில் பேசாமல் நடந்துபோகும் மனிதனின் கதையில் கை வைத்தவர், அடுத்ததாக எடுத்துக்கொண்டது மனித மாமிச கேட்டரிங். எனக்கு இந்த மனிதரைப் பிடித்திருக்கிறது.

[திரையில்: கோப்பையை உயர்த்திப் பிடித்திருக்கும் டிரேட்டன்]

சரி, நான் இந்த வீடியோவை எடுத்ததற்குக் காரணமான காட்சிக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டல்லாஸ் நகரில் ஒரு சமையல் போட்டி. சமைப்பது சில்லி. நாம் சொல்லும் சில்லி சிக்கன் வகையறா இல்லை. மிளகாய் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவைத்த கெட்டியான இறைச்சிக் குழம்பு. டெக்சாஸ்காரர்களுக்கு அது சோறு மட்டும் இல்லை, மானப் பிரச்சினை. 1977-இல் அதைத் தங்கள் மாநிலத்தின் அதிகாரபூர்வ உணவாகவே அறிவித்துவிட்டார்கள். டெக்சாஸ் முறையில் அதற்குள் பீன்ஸ் போட்டால் சண்டைக்கு வருவார்கள். இறைச்சி, இறைச்சி, இறைச்சி மட்டுமே.

எந்த இறைச்சி?

போட்டியில் வென்றிருப்பவர் டிரேட்டன் சாயர். முதல் படத்தில் வந்த அதே சமையல்காரர். நடித்ததும் அதே ஜிம் சீடோ. பழைய நடிகர்களில் இரண்டாம் பாகத்துக்குத் திரும்பிவந்தவர் அவர் ஒருவர்தான். ‘சாயர்’ என்ற குடும்பப் பெயரும் இந்தப் படத்தில்தான் முதன்முதலாக வருகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மரம் அறுப்பவர் என்று பொருள். மைக்கைப் பிடித்துக்கொண்டு ரகசியம் என்ன என்று கேட்கிறார்கள். கறியில் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது என்கிறார். நல்ல கறியைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன், அது எங்கள் பரம்பரை வரம் என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. அந்த நேரம் பார்த்து, சுவை பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி வாயிலிருந்து ஏதோ கெட்டியான ஒன்றை எடுத்துப் பார்க்கிறார். டிரேட்டன் கொஞ்சம்கூடத் திகைக்கவில்லை. அது கெட்டி ஓடுள்ள மிளகு என்று சொல்லிச் சட்டென்று வாங்கிக்கொள்கிறார்.

பல், நண்பர்களே. மனிதப் பல்.

[இங்கே இரண்டு விநாடி மௌனம்]

அந்த முகத்தைப் பாருங்கள். கொலைகாரன் மாட்டிக்கொண்ட பதற்றம் அதில் இருக்கிறதா? எனக்குத் தெரிவது வேறு: பரிமாறிய சாப்பாட்டில் தலைமுடி கிடந்ததை வாடிக்கையாளர் பார்த்துவிட்டாரே என்று ஒரு ஹோட்டல் முதலாளி படும் சங்கடம். அதுதான் இந்தப் படம். டிரேட்டனுக்குக் கொலை ஒரு குற்றமும் இல்லை, வெறியும் இல்லை, கொள்முதல். அவர் தொழில் நடத்துகிறார். ஊர் ஊராகப் போகும் உணவு வண்டி வைத்திருக்கிறார். படம் முழுக்க அவர் புலம்புவதைக் கவனியுங்கள்: வரி அதிகம், செலவு அதிகம், தம்பிகள் ஒழுங்காக வேலை செய்வதில்லை, சின்ன முதலாளியைத்தான் எல்லோரும் மிதிக்கிறார்கள். கடைசியில், பழிவாங்க வந்த சாலியின் மாமா (நடித்தவர் டென்னிஸ் ஹாப்பர்) ரம்பத்தோடு எதிரில் நிற்கும்போதுகூட, போட்டி நிறுவனம் அனுப்பிய ஆள் என்று நினைத்துப் பணம் கொடுத்துப் பேசி முடிக்கப் பார்க்கிறார்!

அது 1986. ரீகன் அதிபராக இருந்த காலம். சொந்தத் தொழில் செய்பவரே நாட்டின் முதுகெலும்பு என்று மேடைக்கு மேடை பேசிய காலம். எண்ணெய் விலை அடிமட்டத்துக்குப் போய், எண்ணெயை நம்பியிருந்த டெக்சாஸ் தள்ளாடிய ஆண்டும் அதுவே. அந்த ஆண்டில், வெற்றிகரமான குடும்பத் தொழில் எப்படி இருக்கும் என்று ஹூப்பர் காட்டிய உதாரணம் இந்தக் குடும்பம். முதலில் சாகிறவர்கள் யார்? விலை உயர்ந்த காரில், கார் போனில் வானொலி நிலையத்துக்குப் பேசித் தொந்தரவு செய்துகொண்டு, சாலைப் பலகைகளைத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு வரும் இரண்டு பணக்காரப் பிள்ளைகள். நான் அவர்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. இயக்குநரும் விடச் சொல்லவில்லை.

இதை எல்லாம் நீயாகக் கற்பனை செய்கிறாய் என்று யாராவது கருத்துப் பகுதியில் எழுதத் தொடங்கியிருப்பீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். முதல் படத்துக்குப் போவோம். சாலியைக் கட்டிச் சாக்குக்குள் திணித்து வண்டியில் போட்டாயிற்று. வண்டியும் கிளம்பத் தயார். அப்போது அந்தச் சமையல்காரர் என்ன செய்கிறார்? கடைக்குள் திரும்பிப் போகிறார். விளக்கை அணைக்க மறந்துவிட்டார். அணைத்துப் பூட்டிவிட்டு வந்து, கரண்ட் செலவு ஒரு மனிதனைத் தொழிலை விட்டே துரத்திவிடும் என்று அந்தப் பெண்ணிடமே புலம்புகிறார். 1974! முதல் படத்திலும் நகைச்சுவை இருந்தது, யாரும் கவனிக்கவில்லை, அதனால் இரண்டாம் படத்தில் அதை முன்னால் கொண்டுவந்தேன் என்று ஹூப்பர் பின்னாளில் சொன்னார். தோற்ற படத்துக்கு இயக்குநர்கள் சொல்லும் வழக்கமான சமாதானம் என்று நானும் ஒருகாலத்தில் நினைத்தேன். அந்த விளக்கை மறுபடி பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். முதல் படத்துச் சமையல்காரரின் புலம்பல் யதார்த்தம் ஆயிற்று. இரண்டாம் படத்தில் அதே புலம்பல் கோமாளித்தனம் ஆகிவிட்டது.

[திரையில்: வானொலி நிலையம், இரவு]

நான் இந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தது விடுதி அறையில், நண்பனின் லேப்டாப்பில், ஒரு பக்க இயர்போனில். வானொலி நிலையக் காட்சி வந்ததும் மூடி வைத்துவிட்டேன். பயத்தால் இல்லை, கூச்சத்தால். என்ன இது, இப்படியுமா எடுப்பார்கள் என்று தோன்றியது.

நாயகி ஸ்ட்ரெட்ச், இரவு நேர வானொலித் தொகுப்பாளர். நடித்தவர் கரோலின் வில்லியம்ஸ். லெதர்ஃபேஸ், அதாவது அந்தத் தோல் முகமூடிக்காரன், அவளை ஓர் அறையில் மடக்கிவிடுகிறான். அவள் பின்வாங்கி, பனிக்கட்டி நிரப்பிய குளிர்பானத் தொட்டியின் மேல் சாய்ந்து கிடக்கிறாள். ரம்பம் அவள் கால்களுக்கு நடுவே பனிக்கட்டியில் வந்து நிற்கிறது. அறுக்கவில்லை. அந்த ராட்சசனுக்கு அவளைப் பார்த்ததும் ஏதோ ஆகிவிட்டது. அவளும் அதைப் புரிந்துகொண்டு, நடுங்கும் குரலில், நீ எவ்வளவு திறமைசாலி என்று கேட்கிறாள். உயிர் பிழைக்க அவளிடம் இருந்தது பேச்சு ஒன்றுதான், வானொலிக்காரி அல்லவா. அவன் ரம்பத்தை மறுபடி இயக்கக் கயிற்றை இழுக்கிறான். இயங்க மறுக்கிறது. இழுக்கிறான், இழுக்கிறான். அவமானம் தாங்காமல் அறையை நாசமாக்கிவிட்டு வெளியே போய், அண்ணனிடம் அவளைக் கொன்றுவிட்டதாக ஜாடை காட்டுகிறான்.

ஆசையும் வன்முறையும் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதை மற்ற திகில் படங்கள் மறைத்து மறைத்துச் சொன்னதை, இது கோமாளி வேடம் போட்டு உரக்கச் சொல்லிவிட்டது. பிறகு டிரேட்டன் தம்பிக்கு உபதேசமே செய்கிறார்: பெண்ணா, ரம்பமா, ஒன்றைத் தேர்ந்தெடு, ரம்பம்தான் குடும்பம் என்று. தொழிலைக் கெடுக்கும் காதலை எந்த அப்பா ஏற்றுக்கொண்டார்?

இதை முதலில் மதித்துப் படித்தவர்களில் ஒருவர் சினிமா விமர்சகரே இல்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி. கரோல் குளோவர். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவருடைய துறை, ஐஸ்லாந்தின் இடைக்கால சாகா கதைகள்! வெட்டும் குத்தும் நிறைந்த பழைய இலக்கியம் படித்தவருக்கு ரம்பம் அந்நியமாகப்படவில்லை போலிருக்கிறது. படம் வந்த மறு ஆண்டே, 1987-இல், அவர் எழுதிய கட்டுரையில் ஸ்ட்ரெட்சுக்குத் தனி இடம் உண்டு. எல்லோரும் செத்தபின் எஞ்சி நின்று எதிர்க்கும் ‘கடைசிப் பெண்’ என்ற கருத்தை உலகுக்குக் கொடுத்த கட்டுரை அது. பத்திரிகைகள் குப்பைத் தொட்டியில் போட்டதைப் பல்கலைக்கழகம் எடுத்து மேசையில் வைத்தது.

[திரையில்: உருளைக்கிழங்கு வறுவல்]

எல்.ஜி.யைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஸ்ட்ரெட்ச்சோடு வேலை செய்யும் தொழில்நுட்ப ஆள். அவள்மேல் உயிர். புகையிலையை மென்று துப்பிக்கொண்டே இருப்பவன், அதனால் அவள் அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் அவளுக்காக என்ன செய்கிறான் தெரியுமா? உருளைக்கிழங்கு வறுவல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு குட்டி வீடு கட்டித் தருகிறான். தின்னும் பொருளில் கட்டிய வீடு.

பிறகு அவன் தலையில் சம்மட்டி விழுகிறது. அந்தக் குடும்பம் பதுங்கியிருக்கும் நிலத்தடிக் குகையில், கறி அறுக்கும் மின்கத்தியால் அவன் தோலை உரிக்கிறார்கள். உரித்த முகத்தை லெதர்ஃபேஸ் ஸ்ட்ரெட்சுக்கு அணிவித்து அவளோடு நடனம் ஆடுகிறான். இது சவீனியின் உச்சம். பார்ப்பவர் வயிற்றுக்கு அதோகதி. ஆனால் அதற்குப் பின்னால் நடப்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. எல்.ஜி.க்கு உயிர் இன்னும் போகவில்லை. தோலில்லாத உடம்போடு எழுந்து வந்து, அவள் கட்டை அவிழ்த்துவிட்டு, நான் உதிர்ந்துகொண்டிருக்கிறேன் என்பதுபோல் ஒரு ஜோக் சொல்லிவிட்டுச் சரிகிறான். அவள், அவனுடைய முகத்தை அவனுக்கே திருப்பி வைக்கிறாள். வெறும் ரத்தக் களரி என்று திட்டப்பட்ட படத்தில், இவ்வளவு பரிவான ஒரு சாவு. நடித்த லூ பெரிமன் முதல் படத்தில் கேமராப் பிரிவில் வேலை செய்தவர்.

[திரையில்: சாப் டாப்]

சாப் டாப் என்ற அண்ணன் பாத்திரத்துக்கு ஒரு நிமிடம். வியட்நாம் போரிலிருந்து மண்டையில் உலோகத் தகட்டோடு திரும்பியவன். கம்பி ஹேங்கரை லைட்டரில் சூடாக்கித் தகட்டின் ஓரத்தைச் சொறிந்து, வருவதை வாயில் போட்டுக்கொள்வான். பில் மோஸ்லி இந்த வாய்ப்பைப் பெற்றது, முதல் படத்தைக் கேலி செய்து அவர் எடுத்த குறும்படத்தை ஹூப்பர் பார்த்ததால். அந்தக் குறும்படத்தில் ரம்பத்தால் செய்வது கொலை இல்லை, நகம் வெட்டுவது!

குறைகளை மறைக்க மாட்டேன். கடைசி அரை மணி நேரம் குகைக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. கிறிஸ்துமஸ் விளக்கும் எலும்பும் கலந்து தொங்கும் அந்த அரங்க அமைப்பு அற்புதம்தான். ஆஸ்டினில் ஒரு பத்திரிகையின் பழைய அச்சகக் கட்டடத்துக்குள் அமைத்தார்களாம். அற்புதம் என்பதற்காக அதையே எவ்வளவு நேரம் பார்ப்பது? டென்னிஸ் ஹாப்பர் பெரும்பகுதி நேரம் தனியாக நடந்து, தூண்களை அறுத்து, பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார். அதே 1986-இல் ‘புளூ வெல்வெட்’டிலும் ‘ஹூசியர்ஸ்’ படத்திலும் வாழ்ந்து காட்டியவரை இங்கே தச்சுவேலைக்கு வைத்துவிட்டார்கள். ஸ்ட்ரெட்ச் அலறும் அலறல் அளவுக்கு மேல் போய்க் காதுக்கு வலியாகிறது. முதல் படத்துச் சாப்பாட்டு மேசைக் காட்சியை அப்படியே மறுபடி எடுத்தது சோம்பேறித்தனம். ஈபர்ட்டின் ஒற்றை நட்சத்திரத்தை நான் கிழித்துப் போடவில்லை. கூட இரண்டு ஒட்டுகிறேன், அவ்வளவுதான்.

வசூல் அமெரிக்காவில் சுமார் 80 லட்சம் டாலர். பிரிட்டனில் 2001 வரை முழுமையாக வெளிவரவில்லை. பிறகு மெல்ல மெல்ல வீடியோ கேசட்டிலும் டிவிடியிலும் ஆள் சேர்த்தது. ராப் ஸோம்பி, 2003-இல் வெளிவந்த ‘ஹவுஸ் ஆஃப் 1000 கார்ப்சஸ்’ படத்தை எடுத்தபோது அதே பில் மோஸ்லியைக் கூப்பிட்டுக்கொண்டார்; குடும்பம், குகை, கோமாளித்தனம் எல்லாமே இங்கிருந்து போனவைதான் என்பது என் கருத்து. இன்னொன்று: 2022-இல் ‘வெனஸ்டே’ தொடரில் அந்தப் பெண் ஆடிய நடனம் நினைவிருக்கிறதா? உலகமே ஆடிப் பார்த்ததே? தொடரில் அவள் ஆடியது ‘கூ கூ மக்’ என்ற பாட்டுக்கு. அந்தப் பாட்டு இந்தப் படத்திலும் ஒலிக்கிறது. 

முதல் படத்தை 2024 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தது. இரண்டாவதை யாரும் அப்படிச் சேர்க்கப்போவதில்லை. சேர்க்கவும் வேண்டாம், டிரேட்டனுக்குச் சொத்து வரி கூடிவிடும்.

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதல் படத்தை ஓர் இரவு, இரண்டாவதை மறுநாள் இரவு. முதல் படத்தின் முடிவில் விடியற்காலைச் சாலையில் லெதர்ஃபேஸ் ரம்பத்தைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றி ஆடுகிறான். இரண்டாவதன் முடிவில் அதே ஆட்டத்தை வெட்டவெளியில், உச்சியில் நின்று ஆடுவது ஸ்ட்ரெட்ச். பாட்டியின் பிணத்தின் கையிலிருந்து பிடுங்கிய ரம்பம். வென்றுவிட்டாளா, அவர்களில் ஒருத்தி ஆகிவிட்டாளா? எனக்கு ஒரு பதில் இருக்கிறது, ஆனால் உங்கள் பதிலை முதலில் கருத்துப் பகுதியில் படிக்க ஆசை. எழுதுங்கள், ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். இப்போது எனக்குப் பசிக்கிறது. தயிர்சாதம்தான்.